21 நாளைக்கு ஓர் ஊசி

அரசு மருத்துவமனையின் ஊசி அறையில் எல்லா ஊசியும் ஒரே வேகத்தில் முடிவதில்லை. டிடி ஊசி, வலி ஊசியெல்லாம் வரிசை நகர நகர முடிந்துவிடும். சீட்டில் ‘பெனிடூர்’ என்று எழுதியிருந்தால் மட்டும் சிஸ்டர் அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரச் சொல்வார். முதலில் முன்கையில் டெஸ்ட் டோஸ். தோல் தடிக்கிறதா, சிவக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்துப் புட்டி வெளியே வரும். உள்ளே இருக்கும் வெள்ளைத் தூளில் ஊசிக்கான நீரை விட்டு, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் உருட்டிக் கலக்க வேண்டும். அது கரையாது. அரிசி மாவு கலக்கிய தண்ணீர்போல வெள்ளையாக நிற்கும். கொஞ்சம் தாமதித்தால் அடியில் தங்கிவிடும். மெல்லிய ஊசியில் ஏற்றினால் பாதியில் அடைத்துக்கொள்ளும். அதனால் பருத்த ஊசியை எடுத்து, இடுப்புத் தசையில் ஆழமாக இறக்கி, ரத்தக்குழாயில் குத்திவிடவில்லை என்று பின்னுக்கு இழுத்துப் பார்த்து, நிதானமாகச் செலுத்த வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகும். நன்றாக வலிக்கும். அடுத்த நாள் நடக்கும்போதும் வலிக்கும். மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளை மறுபடி வர வேண்டும். பள்ளிப் படிப்பு முடிந்தும், கல்யாணம் ஆகியும், சிலர் நாற்பது வயது வரையும் வர வேண்டும்.

‘பெனிடூர்’ என்பது விற்பனைப் பெயர்; மருந்தின் பெயர் பென்சதைன் பென்சிலின். ஒருமுறை போட்டால் மூன்று, நான்கு வாரம் உடம்பில் தங்கி வேலை செய்யும் ஆன்டிபயாடிக். 1950களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 1977ல் முதன்முதலாக அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டபோதே அதில் இடம்பெற்றது. ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தையின் இதய வால்வு மேலும் கெடாமல் காப்பதற்கும், கர்ப்பிணியிடமிருந்து சிசுவுக்கு மேகநோய் போகாமல் தடுப்பதற்கும் இன்றுவரை இதற்கு இணையான இன்னொரு மருந்து வரவில்லை. விலையும் மிகக் குறைவு. இவ்வளவும் இருந்தும், தேவைப்படும்போது கிடைக்காத மருந்தாகவும், கிடைத்தாலும் போடத் தயங்கும் மருந்தாகவும் இதை நாம் வைத்திருக்கிறோம். அதற்கு ஏழைப் பிள்ளைகள் தங்கள் இதயத்தால் விலை கொடுக்கிறார்கள்.

சிறுநீரில் வெளியேறிய மருந்து

பென்சிலினை அலெக்சாண்டர் ஃபிளெமிங் லண்டனில் கண்டது 1928ல். மனிதனுக்குப் போடும் அளவுக்கு அதைப் பிரித்தெடுத்தது ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃபுளோரி, எர்ன்ஸ்ட் செயின், நார்மன் ஹீட்லி குழுவினர். 1941 பிப்ரவரியில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்குச் சிகிச்சையாக முதன்முதலில் போட்டுப் பார்த்தார்கள். முகத்தில் ஏற்பட்ட புண்ணிலிருந்து கிருமி பரவி, சீழ் வைத்து, ஒரு கண்ணையே இழந்திருந்தார் அவர். மருந்து உள்ளே போன ஓரிரு நாளில் காய்ச்சல் இறங்கியது, பசி எடுத்தது. ஆனால், கையிருப்பு தீர்ந்துகொண்டே வந்தது. அவருடைய சிறுநீரைச் சேகரித்து, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அதிலிருந்து பென்சிலினைப் பிரித்து மறுபடி அவருக்கே போட்டார்கள். அப்படியும் போதவில்லை. மார்ச் 15ஆம் தேதி அவர் இறந்துபோனார்.

சிறுநீரிலிருந்து மருந்தை மீட்க முடிந்தது என்பதிலேயே பென்சிலினின் பெரிய குறை இருந்தது. உடம்புக்குள் போன பென்சிலினைச் சிறுநீரகங்கள் மளமளவென்று வெளியே தள்ளிவிடும். அரை மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும் ஊசி போட வேண்டியிருந்தது. மருத்துவமனைக் கட்டிலை விட்டு நோயாளி நகர முடியாது. கிராமத்துக்கும் மலைக்காட்டுக்கும் அந்த மருந்தைக் கொண்டுபோய்ப் பயனில்லை.

எப்படியாவது இதை உடம்பில் தங்கவைக்க வேண்டும் என்று பத்தாண்டு காலம் பலரும் மெனக்கெட்டார்கள். அமெரிக்க ராணுவ மருத்துவர் மன்ரோ ரொமான்ஸ்கி, தேன்மெழுகிலும் கடலை எண்ணெயிலும் பென்சிலினைக் கலந்து போட்டார். ஒரு நாள் தாங்கியது. ஆனால், குளிரில் அந்தக் கலவை இறுகிக்கொள்ளும். ஊசி வழியே இறங்காது. சிறுநீரகம் பென்சிலினை வெளியேற்றும் வேகத்தைக் குறைக்க ப்ரோபெனிசிட் என்ற தனி மருந்தையே உருவாக்கினார்கள். மரத்துப்போகச் செய்யும் ப்ரோகெயினோடு பென்சிலினைச் சேர்த்தபோது ஒரு நாள்வரை நின்றது. வாரக்கணக்கில் நீட்ட முடியவில்லை.

1951ல் அமெரிக்காவின் வையத் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு புதிய உப்பைச் செய்தார்கள். இரண்டு பென்சிலின் மூலக்கூறுகளை பென்சதைன் என்ற ஒரு மூலக்கூறு பிடித்துவைத்திருக்கும் சேர்மம் அது. தண்ணீரில் அநேகமாகக் கரையாது என்பதுதான் அதன் சிறப்பு. தசைக்குள் செலுத்தினால் அங்கேயே படிந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலிருந்து பென்சிலின் துளித்துளியாகப் பிரிந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். சிறுநீரகம் வெளியேற்ற வெளியேற்ற, தசையிலிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கும். சீட்டில் 12 லட்சம் யூனிட் என்று எழுதுகிறார்களே, அது எடையில் ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தச் சிறு படிவுதான் மூன்று வாரத்துக்கு மேல் காவல் நிற்கிறது.

ரத்தத்தில் மருந்தின் அளவு எப்போதும் மிகக் குறைவாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்ற தீவிர நோய்களுக்கு இது உதவாது. அங்கெல்லாம் ரத்தக்குழாய் வழியே நேரடியாக ஏற்றும் சாதாரண பென்சிலினோ வேறு ஆன்டிபயாடிக்கோதான் வேண்டும். பென்சதைன் பென்சிலினைத் தவறியும் ரத்தக்குழாய் வழியே செலுத்தக் கூடாது. இதயம் நின்றுபோகும் ஆபத்து உண்டு. மிகக் குறைந்த அளவிலேயே சாகக்கூடிய கிருமிகளுக்கு, நீண்ட காலம் விடாமல் கொடுக்க வேண்டிய இடங்களுக்கு ஏற்ற மருந்து இது. அப்படிப்பட்ட கிருமிகளில் முதலாவது, ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

தொண்டையில் தொடங்கி வால்வுக்கு

ஐந்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தொண்டை வலி வருவது சாதாரணம். பெரும்பாலும் வைரஸால் வரும், தானே சரியாகும். சிலருக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸால் வரும். அதுவும் நான்கைந்து நாளில் அடங்கிவிடுவதால் வெந்நீரும் மிளகுப் பாலும் கொடுத்து மறந்துவிடுவோம். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி காய்ச்சல் வரும். இந்த முறை முழங்கால் வீங்கும். இரண்டு நாளில் அது வடிந்து கணுக்கால் வீங்கும், பிறகு மணிக்கட்டு. ஆஸ்பிரின் கொடுத்தால் சட்டென்று குறையும். வளர்கிற வயதில் வருகிற வலி என்று வீட்டில் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மூட்டில் எந்த ஊனமும் மிஞ்சாது. ருமாட்டிக் காய்ச்சல் மூட்டை நக்கிவிட்டு இதயத்தைக் கடிக்கும் என்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தருவது இதனால்தான்.

அந்தக் கிருமியின் மேலுறையில் இருக்கும் புரதத்துக்கும் நம் இதயத் திசுவில் இருக்கும் புரதத்துக்கும் சாயல் ஒன்று. கிருமியை எதிர்க்க உடம்பு தயாரித்த ஆயுதம், கிருமி போன பிறகும் இதயத்தைத் தாக்குகிறது. ஒரு முறை தாக்கியதோடு நின்றால் பல குழந்தைகளுக்கு வால்வு ஓரளவு தேறிவிடும். ஆனால், ஒரு முறை ருமாட்டிக் காய்ச்சல் வந்த உடம்பு, அடுத்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்றிலும் அதே தவறைச் செய்யக் காத்திருக்கும். ஒவ்வொரு தொற்றுக்கும் வால்வில் ஒரு புதிய காயம். இதழ்கள் தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, வாய் சுருங்கிக்கொண்டே போகும். இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவில் உள்ள மைட்ரல் வால்வின் இயல்பான திறப்பு 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர். அது 1.5க்குக் கீழே இறங்கினால் மாடி ஏற முடியாது. ராத்திரியில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து இருமுவார்கள்.

பணக்கார நாடுகளில் இந்தச் சுருக்கம் முற்றிப் போக இருபது, முப்பது ஆண்டுகள் பிடிக்கும் என்று பாடநூல்கள் எழுதியிருந்தன. இருபது வயது நிரம்பாத பிள்ளைகளே கடுமையான மைட்ரல் சுருக்கத்தோடு வருவதை டெல்லியைச் சேர்ந்த மருத்துவர் சுஜய் ராயும் அவரது குழுவினரும் 1963ல் எழுதி உலகுக்குத் தெரிவித்தார்கள். நெருக்கடியான வீடு, ஒரே அறையில் ஆறேழு பேர், ஒருவர் தொண்டையிலிருந்து இன்னொருவருக்குத் திரும்பத் திரும்பத் தொற்றும் கிருமி. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பென்சிலின் வருவதற்கு முன்பே, வீடுகள் விசாலமாகி வாழ்க்கை மேம்பட்டதாலேயே இந்த நோய் குறையத் தொடங்கிவிட்டது. நம் ஊரில் வீடு விசாலமாகும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் 21 நாள் ஊசி நிற்கிறது.

பெண் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு கொடுமை உண்டு. வால்வு சுருங்கியிருப்பதே தெரியாமல் கல்யாணம் ஆகும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சுருங்கிய வால்வால் அதைக் கடத்த முடியாது. ஆறு, ஏழு மாதத்தில் மூச்சுத் திணறலோடு வந்து சேரும்போதுதான் முதன்முதலாக எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கப்படும். சென்னை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 2016 முதல் 2019 வரை பதிவுசெய்யப்பட்ட, இதயநோயுள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளில் சுமார் 42 சதவீதம் பேருக்கு ருமாட்டிக் வால்வு நோய் இருந்தது. சிறுவயதில் வந்த மூட்டு வீக்கத்தை யாரும் கண்டுகொள்ளாமல் விட்டதன் கணக்கு பிரசவ வார்டில் வந்து நிற்கிறது.

வால்வு கெட்ட பிறகும் வழி இருக்கிறது. தொடை வழியே பலூனைச் செலுத்தி விரிக்கலாம். செயற்கை வால்வு வைக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிலையத்தில் மருத்துவர் வலியத்தான் குழுவினர் உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு, வெளிநாட்டு வால்வு வாங்க முடியாத நம் நோயாளிகளுக்காகவே பிறந்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தால் ஏழைகளுக்கும் இந்த அறுவை சிகிச்சைகள் எட்டுகின்றன. இவையெல்லாம் பெரிய சாதனைகள். ஆனால், உலோக வால்வு வைத்தவர் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்ப ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடினால் ரத்தக் கசிவு; குறைந்தால் வால்வில் கட்டி அடைத்துக்கொள்ளும். இத்தனைக்கும் முன்னால், ஊசி அறையிலேயே தடுத்திருக்கலாம்.

ஊசி காப்பாற்றும் என்பதற்குச் சாட்சி

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலிக்குப் பென்சிலின் கொடுத்தால் ருமாட்டிக் காய்ச்சல் வராது என்பது, அமெரிக்காவின் வயோமிங் மாநில விமானப்படை முகாமில் புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் நடந்த ஆய்வில் 1950லேயே உறுதியானது. தொண்டை வலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் கொடுத்தாலும் பலன் உண்டு. மாத்திரையாக என்றால் பத்து நாள் விடாமல் விழுங்க வேண்டும். மூன்றாம் நாள் தொண்டை சரியானதும் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பென்சதைன் என்றால் ஓர் ஊசியோடு முடிந்தது. கோஸ்டாரிகாவில் 1970களிலிருந்து தொண்டை வலிக்கு இந்த ஒற்றை ஊசியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அங்கே ருமாட்டிக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது.

ஏற்கெனவே காய்ச்சல் வந்தவர்களுக்குத் தொடர் ஊசி என்ற வழியைக் காட்டியவர் நியூயார்க் மருத்துவர் ஜீன் ஸ்டோலர்மேன். இர்விங்டன் ஹவுஸ் என்ற குழந்தைகள் காப்பகத்தில் ருமாட்டிக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு மாதம் ஓர் ஊசி போட்டு, நோய் திரும்பாமல் தடுக்க முடியும் என்று 1950களில் காட்டினார். தினமும் மாத்திரை விழுங்குவதைவிட இது நம்பகமானது என்பதை அதன் பிறகு வந்த ஒப்பீடுகள் எல்லாம் சொல்லிவிட்டன. நான்காவது வாரத்தில் ரத்தத்தில் மருந்து தேவையான அளவுக்குக் கீழே போய்விடுவதால், நோய் அதிகமாக உள்ள நாடுகளில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் வழக்கம் வந்தது. நம் ஊரின் 21 நாள் கணக்கு இங்கிருந்து வருகிறது.

இதயம் பாதிக்கப்படாதவர்கள் ஐந்து ஆண்டுகளோ 21 வயது வரையோ, எது பின்னால் வருகிறதோ அதுவரை போட்டுக்கொள்ள வேண்டும். வால்வு நிரந்தரமாகக் கெட்டிருந்தால் பத்து ஆண்டுகளோ 40 வயது வரையோ. சிலருக்கு ஆயுள் முழுக்க. பத்து வயதில் தொடங்கி நாற்பது வரை போகிற ஒருவர் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை அந்தப் பருத்த ஊசியைத் தாங்க வேண்டும். இந்த எண்ணிக்கையை ஒரு நிமிடம் மனதில் வைத்துப் பார்த்தால்தான், இடையில் நிறுத்திவிடும் பிள்ளைகள்மேல் நமக்குக் கோபம் வராது.

சமீபத்திய, மிக உறுதியான சாட்சி வடக்கு உகாண்டாவின் குலு பகுதியிலிருந்து வந்தது. எந்த அறிகுறியும் இல்லாமல், எக்கோவில் மட்டும் வால்வு மாற்றம் தெரிந்த 818 பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதைன் ஊசி. இன்னொரு குழுவுக்கு இல்லை. இரண்டு ஆண்டு கழித்து எக்கோ எடுத்தபோது, ஊசி போடாதவர்களில் 8.2 சதவீதம் பேருக்கு நோய் முற்றியிருந்தது. ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம். 2021ல் முடிவு வெளியானது. எழுபது ஆண்டுப் பழைய மருந்து ஒன்று, புதிய முறை ஆய்வில் இவ்வளவு தெளிவாகத் தேறியது எனக்குப் பெரிய நிறைவைத் தந்த செய்தி.

தமிழ்நாட்டிலும் நிலைமை மாறிவந்திருக்கிறது. வேலூர் சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளில் 2001, 2002ஆம் ஆண்டுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பரிசோதித்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், ஆயிரத்துக்கு 0.68 என்ற அளவில்தான் ருமாட்டிக் இதயநோயைக் கண்டார்கள். முந்தைய கணக்குகளைவிட இது மிகக் குறைவு. ஸ்டெதாஸ்கோப்புக்கு அகப்படாத ஆரம்பக்கட்ட நோயை எக்கோ பிடித்துவிடும் என்பதால் உண்மை எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கும். உலக அளவில் சுமார் நான்கு கோடிப் பேர் இந்நோயோடு வாழ்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் மூன்று லட்சம் பேர் இறக்கிறார்கள்.

ஆறுதலான ஓர் உண்மை: கண்ட கிருமியெல்லாம் மருந்துக்கு மசியாமல் போய்க்கொண்டிருக்கும் இந்தக் காலத்திலும், பென்சிலினை எதிர்த்து நிற்கும் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எந்த நோயாளியிடமும் இதுவரை கண்டறியப்படவில்லை. எண்பது ஆண்டுகளாக அந்தக் கிருமி பென்சிலினுக்குப் பணிந்தே போகிறது.

கர்ப்பிணிக்கும் காட்டு மக்களுக்கும்

சிஃபிலிஸ் என்கிற மேகநோய்க்கும் இதுவே முதல் மருந்து. ஆரம்பக் கட்டத்தில் 24 லட்சம் யூனிட் ஒரே தவணையில். நாள்பட்டிருந்தால் வாரம் ஒன்றாக மூன்று தவணை. இந்தக் கிருமி மிக மெதுவாகப் பெருகும். அதனால், குறைந்த அளவில் நீண்ட நாள் நிற்கும் மருந்துதான் அதற்கு எமன். கர்ப்பிணிக்கு இந்நோய் இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், அல்லது நோயோடு பிறக்கலாம். தாய்க்கும் சேய்க்கும் சேர்த்துப் பலன் தரும் என்று நிரூபணமான மருந்து பென்சிலின் ஒன்றே. கர்ப்பம் உறுதியானதும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் ‘விடிஆர்எல்’ என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்காகத்தான். எச்ஐவி பரிசோதனைக்குக் காட்டும் கவனத்தை இதற்கும் காட்ட வேண்டும். அதில் நோய் தெரிந்தால் உடனே ஊசி, கணவருக்கும் சேர்த்து.

யாஸ் என்ற தோல் நோய் இன்று பெரும்பாலோருக்குத் தெரியாது. காட்டோரத்தில், மருத்துவமனை எட்டாத பழங்குடிக் குடியிருப்புகளில் குழந்தைகளின் தோலைப் புண்ணாக்கி, எலும்பை உருக்குலைத்த நோய் அது. சிஃபிலிஸ் கிருமியின் நெருங்கிய உறவு. ஆனால், சாதாரணமாகத் தொட்டாலே பரவும். 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 46 நாடுகளில் ஐந்து கோடிப் பேருக்கு நீடித்துழைக்கும் பென்சிலின் ஊசி போட்டு, நோயை 95 சதவீதம் குறைத்தன. இந்தியாவில் எஞ்சியிருந்ததைத் துடைக்கும் பணி 1996ல் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில் தொடங்கியது. நோய் இருந்த பத்து மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சுகாதாரப் பணியாளர்கள் குடிசை குடிசையாகத் தேடி, நோயாளிக்கும் அவரோடு பழகியவர்களுக்கும் பென்சதைன் ஒற்றை ஊசி போட்டார்கள். 2003க்குப் பிறகு ஒரு நோயாளிகூட இல்லை. 2016ல் யாஸ் இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை அறிவித்தது. பெரியம்மை, போலியோ ஒழிந்ததைச் சொல்லும் அளவுக்கு இதை நாம் சொல்வதில்லை.

போடத் தயங்கும் கைகள்

பென்சிலின் என்றதும் பல மருத்துவமனைகளில் ஒரு பதற்றம் வரும். எங்கோ ஒரு பிள்ளை ஊசி போட்டவுடன் விழுந்து இறந்தது என்ற செய்தி, சுற்றியுள்ள எல்லா ஊரிலும் அந்த ஊசியை நிறுத்திவிடும். சிறிய மருத்துவமனைகள் ‘பெரிய ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிடுகின்றன. அங்கே போக ஒரு நாள் கூலி போய்விடும். மூன்றாவது, நான்காவது முறையில் குடும்பம் சோர்ந்துபோகும்.

அந்தப் பயம் பொய்யல்ல. கடும் ஒவ்வாமை வந்தால் உயிர் போகலாம். ஆனால், எவ்வளவு பேருக்கு வருகிறது? 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போடப்பட்ட 32,430 ஊசிகளைத் தொடர்ந்து கவனித்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 1991ல் வெளியானது. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை நான்கு பேருக்கு வந்தது. இறந்தவர் ஒருவர்; 15 வயதுச் சிறுமி, வால்வு மிக மோசமாகக் கெட்டிருந்தவர். 2022ல் அமெரிக்க இதய சங்கம் இந்த வகை மரணங்களை ஆராய்ந்து ஒரு முக்கியமான விளக்கத்தை முன்வைத்தது. ஊசி போட்டதும் நடக்கும் மரணங்களில் பல, ஒவ்வாமையால் நடப்பவை அல்ல. வலியிலும் பயத்திலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க, ஏற்கெனவே பலவீனமான இதயத்தால் அதைத் தாங்க முடிவதில்லை. அதனால் வால்வு மிகக் கடுமையாகக் கெட்டவர்களுக்கும் இதயத்தின் ரத்தம் இறைக்கும் திறன் குறைந்தவர்களுக்கும் ஊசிக்குப் பதில் மாத்திரை கொடுக்கலாம். மற்ற எல்லோருக்கும் ஊசியே தொடரட்டும் என்றது.

இதை நம் ஊசி அறைகளின் நடைமுறையாக மாற்றுவதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குச் சாப்பிடக் கொடுத்த பிறகு போடுவது. உட்காரவைத்துப் போடாமல் படுக்கவைத்துப் போடுவது. மரத்துப்போகும் மருந்தான லிக்னோகெயினைச் சேர்த்து வலியைக் குறைப்பது. கடும் ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் எடுத்துவைத்துக்கொள்வது. போட்ட பிறகு அரை மணி நேரம் பிள்ளையை உட்காரவைப்பது. பேச்சுக் கொடுத்தபடி, அவசரப்படாமல் ஊசி போடும் ஒரு சிஸ்டர் இருந்துவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறையும் வரும்.

கிடைக்காத மருந்து

2014 முதல் 2016 வரையிலான காலத்தில் குறைந்தது 39 நாடுகளில் பென்சதைன் பென்சிலினுக்குத் தட்டுப்பாடு இருந்தது. உயர்ந்த விலைக்கு விற்கும் மருந்தில்லை. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. தனியான, சுத்தமான உற்பத்திக்கூடம் வேண்டும், லாபமோ சொற்பம். கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகிக்கொண்டன. மூலப்பொருளைத் தயாரிக்கும் ஆலைகள் உலகிலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, அவற்றிலும் பெரும்பாலானவை சீனாவில் என்றாயின. ஓர் ஆலை நின்றால் பல நாடுகளில் ஊசி நின்றுபோகும். அமெரிக்காவே 2023ல் இதை அனுபவித்தது. முந்தைய ஆண்டில் 3,700க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவி மேகநோயோடு பிறந்திருந்த நாடு, கையிருப்பைக் கர்ப்பிணிகளுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, பிரான்சிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் மருந்தை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது.

இந்தியாவின் கதை இன்னும் வருத்தமானது. சுதந்திர இந்தியா தொடங்கிய முதல் மருந்து ஆலைகளில் ஒன்றே பென்சிலினுக்காகத்தான். புனேவை அடுத்த பிம்ப்ரியில், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு 1954ல் உருவான இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அது. பிறகு தனியார் ஆலைகளும் வந்தன. நம் கடலூரிலேயே ஸ்பிக் நிறுவனத்தின் பென்சிலின் ஆலை இயங்கியது. 1990களுக்குப் பிறகு மலிவான சீன இறக்குமதியோடு போட்டிபோட முடியாமல் நாட்டில் பென்சிலின் மூலப்பொருள் உற்பத்தியே நின்றுபோனது. சொந்தமாகச் செய்யத் தெரிந்த ஒன்றுக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் நாடானோம். ஒன்றிய அரசின் ஊக்கத்தொகைத் திட்டத்தின்கீழ் அரபிந்தோ குழுமம் காக்கிநாடாவில் கட்டிய ஆலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டதில் பென்சிலின் ஜி மறுபடி இங்கே தயாராகத் தொடங்கியிருக்கிறது. மூலப்பொருள் தயாரானால் போதாது. அதைப் பென்சதைன் ஊசியாக்கி, கட்டுப்படியாகும் விலை கொடுத்து அரசு வாங்கி, கடைசி ஆரம்ப சுகாதார நிலையம் வரை சேர்க்க வேண்டும். விலையை அடக்கிவைப்பதால் ஏழைக்கு நன்மை என்று நினைக்கிறோம். தயாரிப்பவரே இல்லாமல் போகிற அளவுக்கு அடக்கினால் ஏழைக்கு எதுவும் கிடைக்காது.

ஊசியின் அடிப்படையையே மாற்றும் முயற்சிகளும் நடக்கின்றன. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளிடமும் நியூசிலாந்தில் மவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகளிடமும் ருமாட்டிக் காய்ச்சல் இன்றும் அதிகம். அங்கே ஆய்வாளர்கள் இதே மருந்தை அதிக அளவில், தசைக்குப் பதில் வயிற்றுத் தோலுக்கு அடியில் மெதுவாக ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். பத்து வாரம்வரை தாங்குகிறது. ஆண்டுக்குப் பதினேழு ஊசி என்பது ஐந்தாகக் குறையும். ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்குத் தடுப்பூசி தேடும் வேலையும் பல ஆண்டுகளாக நடக்கிறது. இன்னும் கைக்கு வரவில்லை. 2018ல் உலக சுகாதாரப் பேரவை ருமாட்டிக் இதயநோயை ஒழிக்கத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. அந்தத் தீர்மானத்தை ஊசி அறைக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும்: தொண்டை வலிக்குப் பிறகு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலோடு மூட்டு வீங்கினால், வீக்கம் இடம் மாறி மாறி வந்தால், வலி மாத்திரையோடு நிறுத்தாதீர்கள், அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் எக்கோ எடுக்கச் சொல்லுங்கள். ஊசி தொடங்கிவிட்டால் 21ஆம் நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். திருவிழா, பரீட்சை, ஊர்ப் பயணம் எது வந்தாலும் அந்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள். ஊர் மாறினால் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘பெனிடூர் ஸ்டாக் இல்லை’ என்றால் திரும்பி வந்துவிடாமல், எப்போது வரும் என்று கேளுங்கள். வராவிட்டால் மாவட்டச் சுகாதார அலுவலருக்கு எழுதுங்கள்.